ஆல்ஃபா ஸ்பைடர்: எந்தத் தலைமுறையை வாங்குவது?

ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் வாலைப் பற்றித்தான். உருண்டை வாலா, வெட்டிய வாலா? 1967 வண்டியா, 1991 வண்டியா? பழையது நடுவழியில் நின்றுவிடுமோ, புதியதில் பழைய சுவை இருக்காதோ என்ற இரண்டு அச்சங்களும் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. இரண்டுமே நியாயமானவை. ஆனால் நான் பார்த்தவரை, இந்த வண்டியில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் யாரும் ஆண்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்துச் சுட்டுக்கொள்ளவில்லை. அடித்தகட்டைப் பார்க்காமல் பணம் கொடுத்தவர்கள் அவர்கள். ஆகவே வாலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, உங்களைத் தரையில் முழங்கால் போட்டுக் குனியச் சொல்லப்போகிறேன்.

இந்த வரிசையின் முதல் ஸ்பைடர் 1966 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவம் தூரின் நகரத்து பினின்ஃபரீனா நிறுவனத்துடையது. நிறுவனர் பத்திஸ்தா பினின்ஃபரீனா அடுத்த மாதமே காலமானார். பெயர் வைக்கப் பொதுமக்களிடம் போட்டி நடத்தி 'டுயெட்டோ' என்று தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு சாக்லேட் தின்பண்டம் விற்பனையில் இருந்ததால் அதைச் சட்டப்படி பயன்படுத்த முடியவில்லை. மக்கள் நாவில் மட்டும் அது தங்கிவிட்டது. முன்னும் பின்னும் ஒடுங்கி உருண்டிருக்கும் அந்த உடலை இத்தாலியர்கள் 'ஓஸ்ஸோ டி செப்பியா' (கணவாய் ஓடு) என்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்த ஓடுதான். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். 1967இல் வெளியான 'தி கிராஜுவேட்' படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் ஓட்டியது இந்த முதல் தலைமுறை வண்டியை.

1969 இறுதியில் வாலை வெட்டினார்கள். இது 'கோடா ட்ரோங்கா' (வெட்டிய வால்), இரண்டாம் தலைமுறை. நீண்டு ஒடுங்கும் வாலைச் செங்குத்தாகத் துண்டித்தாலும் காற்றின் இழுவை கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது வூனிபால்டு காம் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் ஆய்வில் இருந்து வந்த கருத்து. டிக்கியிலும் கொஞ்சம் இடம் கூடியது. 1983இல் வாலில் கறுப்பு ரப்பர் விளிம்பு ஏறியது, அது மூன்றாவது. 1990இல் அந்த ரப்பரை எடுத்துவிட்டு, உடல் நிறத்திலேயே பம்பர்களை வைத்து மென்மையாக்கினார்கள், நான்காவது. 1993இல் தயாரிப்பு நின்றது. மொத்தம் சுமார் 1,24,000 வண்டிகள்.

இந்த 27 ஆண்டுகளில் மாறாமல் இருந்தவைதான் உங்களுக்கு முக்கியம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் கடைசிவரை 2,250 மில்லிமீட்டர்தான். அலுமினிய பிளாக், தலைப்பகுதியில் இரண்டு கேம் ஷாஃப்ட்கள் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகள்), அவற்றைச் சுழற்றும் சங்கிலி, ஐந்து கியர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் என எல்லாம் 1966லேயே இருந்தவை. முதல் வண்டியில் 1,570 சிசி, 109 குதிரைத்திறன், எடை சுமார் 990 கிலோ. கடைசி வண்டியில் 1,962 சிசி, சுமார் 120 குதிரைத்திறன், எடை 1,100 கிலோவைத் தாண்டிவிட்டது. இடையில் உண்மையாக மாறியது இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டும் முறை. அதை ஒட்டித்தான் ஒவ்வொரு தலைமுறையின் கோளாறும் வேறுபடுகிறது. துரு மட்டும் நான்குக்கும் பொது. அதிலிருந்து தொடங்குவோம்.

கூரையுள்ள காரில், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது உடல் முறுக்கிக்கொள்ளாமல் கூரையும் தூண்களும் சேர்ந்து தாங்கும். ஸ்பைடரில் கூரை என்பது மடக்கும் துணிதான். அதனால் அந்தச் சுமையின் பெரும்பகுதி கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற தகட்டு விட்டங்களின் மேல் விழுகிறது. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் சேர்ந்து, ரப்பர் குழாய்கள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். குழாயில் இலைச்சருகு அடைத்தால் நீர் உள்ளே வழிந்து, தரைவிரிப்புக்கு அடியிலும் விட்டத்துக்குள்ளும் தங்கிவிடும். வட ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு வெளியிலிருந்து அரிக்கும். இப்படி இருபுறமும் அரிக்கப்பட்ட விட்டம் பார்வைக்கு முழுதாக இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும்.

அறிகுறிகளைத் தேட விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தரைவிரிப்பைத் தூக்கி உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரமோ மக்கிய வாடையோ இருந்தால் மேற்கொண்டு கவனமாகத் தேடுங்கள். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைச் சக்கர வளைவு, கதவின் அடிவிளிம்பு, முன்மூக்கின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி இருக்கிறது. டிக்கியைத் திறந்து உபரிச் சக்கரம் வைக்கும் குழியையும் பேட்டரியின் அடித்தட்டையும் பாருங்கள். பிறகு உரிமையாளரின் அனுமதியோடு, ஒரு பக்கத்தை ஜாக்கி வைக்கும் இடத்தில் மெதுவாகத் தூக்கி அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் இருந்தபோது ஒழுங்காக மூடிய கதவு இப்போது சிக்கினாலோ, கதவிடுக்கு மேலே குறுகிக் கீழே விரிந்தாலோ விட்டம் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். ஜாக்கியைத் தகடே தாங்காமல் நொறுங்கும் ஓசை கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள். மூன்றாம் தலைமுறையில் வால் ரப்பருக்கு அடியில் நீர் தேங்கித் துரு ஓடியிருக்கும். ரப்பரின் விளிம்போரம் பெயின்ட் கொப்பளித்திருப்பது அதன் அடையாளம்.

துருவுக்குத் தீர்வு ஒன்றுதான். கெட்ட தகட்டை நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டி எடுத்து, புதிய தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டுவதற்கு முன் கதவிடுக்கு மாறாமல் உடலுக்குள் குறுக்குத் தாங்கிகள் பொருத்தத் தெரிந்த ஆளிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள். ஓட்டையின் மேல் ஃபைபர் துண்டை ஒட்டுவது, பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது, அடிப்பகுதி முழுவதும் கறுப்புத் தார்ப்பூச்சு பூசிவிடுவது ஆகிய மூன்றும் துருவை மறைக்குமே தவிர நிறுத்தாது. ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து இன்னும் வேகமாக அரிக்க விடும். விற்பனைக்கு வரும் வண்டியின் அடிப்பகுதி புதுக் கறுப்பில் பளபளத்தால் மகிழ வேண்டாம். அதற்கு முன் எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கலிஃபோர்னியா போன்ற வறண்ட பகுதியில் வாழ்ந்த வண்டியில் தகடு நன்றாக இருக்கும், டேஷ்போர்டும் இருக்கைகளும் வெயிலில் வெடித்திருக்கும். எனக்குத் தேர்வு கொடுத்தால் வெடித்த இருக்கையைத்தான் எடுப்பேன். தையல்காரருக்கு ஆகும் செலவு வெல்டருக்கு ஆவதில் ஒரு பங்குதான்.

அடுத்தது ரப்பர். பழைய வண்டி, புதிய வண்டி என்ற பிரிவினையை மறுபடி யோசிக்க வைப்பது இந்த இடம். ஐரோப்பாவில் விற்ற பழைய ஸ்பைடர்களில் இரட்டைக் குழல் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டும் கருவி) இரண்டு இருக்கும். அவை இன்ஜினோடு நேரடியாகச் சேராமல், அதிர்வு தாங்கும் ரப்பர் இணைப்புகளின் மேல் உட்கார்ந்திருக்கும். 1980களில் வந்த பலவற்றில் போஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக் (உள்ளே போகும் காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோல் தெளிக்கும் மின்முறை) இருக்கிறது. அதில் காற்று அளவிக்கும் இன்ஜினுக்கும் நடுவே தடித்த ரப்பர் குழாய் ஒன்று ஓடும். இரண்டு அமைப்பிலும் இன்ஜின் ஆட ஆட அந்த ரப்பர் வெடிக்கிறது. வெடிப்பு வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்து கலவை மெலிகிறது. அறிகுறியும் இரண்டிலும் ஒன்றே: ஐட்லிங் ஏறி இறங்கும், ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் படபடவென வெடிக்கும், மெதுவாக ஓட்டும்போது வண்டி உதறும்.

இந்த இடத்தில்தான் பதற்றம் பணத்தைத் தின்னும். பழைய வண்டிக்காரர் கார்புரேட்டர் போய்விட்டது என்று இரண்டையும் கழற்றி ஓவர்ஹால் செய்கிறார். புதிய வண்டிக்காரர் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று விலையுயர்ந்த பெட்டியை மாற்றுகிறார். செலவு செய்த பிறகும் வண்டி உதறுகிறது. அதற்கு முன், இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது அந்த ரப்பர் இணைப்புகளின் மேல் தண்ணீரை மட்டும் மெல்லிய தூவலாகத் தெளித்துப் பாருங்கள், மின் இணைப்புகளின் மேல் படாமல். ஓட்டம் மாறினால் வெடிப்பு அங்கேதான். பெட்ரோலையோ எரியும் ஸ்ப்ரேயையோ தெளித்துச் சோதிக்கும் வழக்கம் உண்டு. சூடான இன்ஜின் மேல் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். வெடித்த ரப்பரை டேப் சுற்றியோ பசை தடவியோ ஓட்டாமல் புதியது போடுங்கள். கூடவே பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் பழைய ரப்பரை இளக்கிவிடும். அது சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் ஓடுகிற குழாய், தள்ளிப்போட வேண்டாம்.

கியர்பாக்ஸிலிருந்து பின்னே போகும் தண்டின் தொடக்கத்திலும் ஒரு ரப்பர் வட்டு இருக்கிறது. அதில் வெடிப்பு ஓடினால் கிளட்சை விடும்போது அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு தட்டல் கேட்கும், வேகத்தில் தரை அதிரும். புதிய வட்டு ஓர் உலோகப் பட்டையால் இறுக்கப்பட்டு வரும். போல்ட் எல்லாம் ஏறி முடிந்த பிறகே அந்தப் பட்டையைக் கழற்ற வேண்டும். முன்பே கழற்றினால் ரப்பர் விரிந்து துளைகள் பொருந்தாது.

இன்ஜினைப் பொறுத்தவரை, ஒழுங்காக எண்ணெய் மாற்றி வந்தால் நீண்ட நாள் உழைக்கக்கூடியது. அதன் பலவீனம் ஹெட் காஸ்கெட் (இன்ஜினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள அடைப்பு). எண்ணெய் மேலேறும் துளைகளைச் சுற்றிச் சிறு ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் வெந்து அவை இறுகிப்போனால் எண்ணெய் வெளியே கசியும், அல்லது கூலன்ட்டுக்குள் இறங்கும். கூலன்ட் தொட்டியின் மூடியில் மோர் திரிந்தாற்போல் பழுப்பு நுரை படிந்திருந்தால் அதுதான். மூடியை இன்ஜின் முழுதும் ஆறிய பிறகே திறவுங்கள்.

இந்த நிலையில் செய்யப்படும் கைவைத்தியங்கள் பல. ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டுவது, கசிவடைக்கும் பவுடர் போடுவது, சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் (கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) கழற்றி எறிவது, கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அந்த வகை. பவுடர் எதுவானாலும் கசிவை விட்டுவிட்டு ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலேயே ஓடித் தேயும். வெறும் தண்ணீர் அலுமினியத்தை உள்ளிருந்து அரிக்கும். தலையைக் கழற்றி, அதன் பரப்பு சமமாக இருக்கிறதா என்று அளந்து, புதிய காஸ்கெட்டும் வளையங்களும் போட்டு, தொழிற்சாலைக் கையேடு சொல்லும் வரிசையிலும் அளவிலும் முடுக்குவதுதான் முறை. இதைச் செய்யும் மெக்கானிக்குக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இந்த இன்ஜினில் சிலிண்டர் லைனர்கள் (பிஸ்டன் ஓடும் உருளைகள்) பிளாக்கில் தனியாக உட்கார்ந்திருப்பவை, அவற்றைச் சுற்றிக் கூலன்ட் ஓடும். தலை கழன்றிருக்கும்போது லைனர்களை அழுத்திப் பிடிக்காமல் இன்ஜினைச் சுழற்றினால் அவை மேலெழும்பும், அடி வளையம் கெட்டு, கூலன்ட் கீழே எண்ணெய்க்குள் இறங்கும். சிறிய வேலையாக உள்ளே போன வண்டி முழு இன்ஜின் வேலையாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். லைனரை எப்படிப் பிடித்துவைப்பீர்கள் என்று மரியாதையாக முன்கூட்டியே கேளுங்கள். பதிலிலேயே அவருடைய அனுபவம் தெரிந்துவிடும்.

கியரில் ஒரு பழைய நோவு உண்டு. குளிர்ந்திருக்கும்போது இரண்டாம் கியர் கரகரவென்று உரசும். கியர்பாக்ஸ் எண்ணெய் சூடேறும்வரை அவசரப்படாமல், நிதானமாகக் கியர் போட்டால் போதும். சூடான பிறகும் உரசினால்தான் உள்ளே தேய்மானம். அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம், வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை.

1969 முதல் 1981 வரை அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் ஸ்பீக்கா என்ற இயந்திரமுறைப் பம்ப் பெட்ரோலைத் தெளிக்கிறது. கேள்விப்பட்ட உடனே கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் மாட்டுங்கள் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒழுங்கு செய்யப்பட்ட ஸ்பீக்கா அருமையாக ஓடும். இன்ஜினின் சூட்டை உணர்ந்து கலவையை மெலிவாக்கும் ஒரு சிறு உணரி அதில் உண்டு. அது செத்தால் இன்ஜின் சூடான பிறகும் குளிர்காலத்து அளவுக்குப் பெட்ரோல் குடிக்கும்: கறும்புகை வரும், எண்ணெய்க் குச்சியில் பெட்ரோல் வாடை அடிக்கும். பம்பைக் குறைசொல்லும் முன் அந்த உணரியை மாற்றுங்கள். பம்பிலேயே பொருத்தியிருக்கும் சிறிய எண்ணெய் ஃபில்டரையும் பாருங்கள். அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பல வண்டிகள் பல்லாண்டுகள் ஓடியிருக்கின்றன.

வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கு ஏற்ப மாற்றும் வேரியேட்டர் 1980இல் ஸ்பைடரில் வந்தது. விற்பனைக்கு வந்த கார்களில் அப்படி ஒன்று இடம்பெற்றது அதுவே முதல் முறை. அது தேய்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் டீசல் வண்டி போலக் கடகடக்கும். ஓசையை அமுக்கக் கெட்டியான எண்ணெய் ஊற்றுவது பழைய தந்திரம். அது தேய்மானத்தை நிறுத்தாது. குளிரில் எண்ணெய் மேலேறவும் நேரமாகும். உதிரியை மாற்றுங்கள்.

நான்காம் தலைமுறையில் பவர் ஸ்டீரிங் வந்தது, அமெரிக்காவில் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கும் கிடைத்தது. தினமும் ஓட்ட வேண்டும் என்றால் இதுவே வசதி. பெட்ரோல் தெளிப்பதையும் தீப்பொறியையும் ஒரே கணினி பார்த்துக்கொள்வதால் கையால் சரிசெய்ய அதிகமில்லை. கோளாறு வந்தால் முதலில் எர்த் இணைப்புகளைச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு மற்றதைப் பாருங்கள்.

1995இல் விற்பனைக்கு வந்த ஸ்பைடர் பெயரில் மட்டும்தான் வாரிசு. முன்சக்கரம் இழுக்கும், ஃபியட் டிப்போவின் அடித்தளத்தில் கட்டியது. ஓட்ட இனிமையானது, துருவும் குறைவு. ஆனால் அதன் ட்வின் ஸ்பார்க் இன்ஜினில் சங்கிலிக்குப் பதில் பெல்ட் இருக்கிறது. முதலில் 1,20,000 கிலோமீட்டர் என்று சொல்லப்பட்ட மாற்று இடைவெளியை நம்பி ஓட்டியவர்களுக்கு அதற்கு முன்பே அறுந்து, வால்வுகள் வளைந்தன. 60,000 கிலோமீட்டருக்குள், அல்லது ஓடாமலேயே நின்றிருந்தாலும் நான்கைந்து ஆண்டுக்குள், பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். மாற்றியதற்கு ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

எதை வாங்குவது என்று என்னைக் கேட்டால், முதன்முதலாக வாங்குபவருக்கு இரண்டாம் தலைமுறையில் கார்புரேட்டர் உள்ள 2000 சிசி வண்டியைச் சொல்வேன். விலை முதல் தலைமுறை அளவுக்கு இல்லை, ஒரு நல்ல மெக்கானிக் சாதாரண ஸ்பேனர்களை வைத்தே சரிசெய்யலாம். பக்கத்தில் கார்புரேட்டர் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் நான்காவதை எடுங்கள். உருண்டை வாலின் மேல்தான் மனம் என்றால் நான் தடுக்கமாட்டேன். அதை முதல் முறை பார்த்தபோது நானும் வெகுநேரம் நகரவில்லை. ஆனால் விலை கூடிய வண்டியில் திருத்தியெழுதிய வரலாறும் கூடவே வரும். இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1600 டுயெட்டோவின் வகை எண் 105.03. மிலானுக்கு அருகே அரேசேயில் உள்ள ஆல்ஃபா ரோமியோ ஆவணக் காப்பகம் எண்ணைச் சரிபார்த்துத் தயாரிப்புச் சான்றிதழ் தருகிறது. முன்பணம் கொடுக்கும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள். 1300 ஜூனியர் வகை முன்விளக்குகளுக்குக் கண்ணாடி போன்ற மூடி இல்லாமல்தான் விற்பனைக்கு வந்தது. மூடியோடு ஒன்று நின்றால், பிறகு மாட்டியதா என்று கேட்பதில் தவறில்லை.

கடைசியாக, வண்டியை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைக்கும்படி உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றும் சொல்லுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். குளிர்ந்திருந்தால் அட்டையைக் குனிந்து பாருங்கள். கியர்பாக்ஸுக்கு நேரே நாலைந்து எண்ணெய்த் துளிகள் இருந்தால் விலை பேசும்போது சொல்லலாம். கூலன்ட் சொட்டியிருந்தால் எங்கிருந்து என்று தெரியும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். பிறகு சாவியைத் திருப்பி, முதல் பத்து நொடி பேச்சை நிறுத்திவிட்டு, இன்ஜினை மட்டும் கேளுங்கள்.